வாயில்லாத பிள்ளைக்கும் பூ வேண்டும்: நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், கோயில் கமிட்டியில் இருக்கும் மாமாக்கள் சித்தப்பாக்களுக்கும், துக்க வீட்டில் முன்னால் நின்று சடங்கு நடத்திவைக்கும் அத்தைகள் பெரியம்மாக்களுக்கும் வணக்கம்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். கணவன் இறந்தால் மனைவியின் பொட்டை அழிப்பது, தலையில் இருக்கும் பூவை எடுப்பது, வளையலை உடைப்பது, ஊர் பார்க்கத் தாலியை வாங்குவது, இந்த நாலும் இனி நம் ஊரில் எந்தத் தெருவிலும் நடக்க வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்கு அப்பத்தாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எந்த அப்பத்தா என்று நம் ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. மேட்டு வீட்டு அப்பத்தா என்றால் பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி வரைக்கும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். கார்த்திகையில் அவள் போனபோது நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். காப்பிப் பழம் எடுக்கிற நேரம் அது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். பண்ணைக்காட்டிலிருந்தும் பட்டிவீரன்பட்டியிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். அவள் எப்போதோ சொன்னதையெல்லாம் ஆளாளுக்கு எடுத்துச் சொல்ல, துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தலை நிறைய மல்லிகைப் பூ, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், அவளுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறச் சேலை. அந்தக் கோலத்தில்தான் அவளை அனுப்பிவைத்தோம். நீங்கள் யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

மாசியில் இன்னொரு சாவு. மிளகு பறிக்கப் போன பையன், ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி, சில்வர் ஓக் மரத்து உயரத்திலிருந்து விழுந்துவிட்டான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவன் மனைவிக்கு, நான் பாடம் நடத்துகிற பிள்ளைகளைவிட அஞ்சாறு வயதுதான் கூட இருக்கும். கைக்குழந்தை வேறு. பதினாறாம் நாள் நானும் அங்கே இருந்தேன். மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, பொட்டை அகலமாக இட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டீர்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து வளையலோடு வளையல் மோதி உடைத்தபோது, ஒரு சில்லு மணிக்கட்டில் கீறி ரத்தம் கசிந்தது. யாரோ முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் கையைப் பிடித்தார்கள். அந்தப் பிள்ளை முனகக்கூட இல்லை.

இது வேண்டாமே, எங்கள் அப்பத்தாவுக்கு நீங்கள் இதெல்லாம் செய்யவில்லையே என்று கேட்டேன். "அது அந்தக் கிழவியோட போச்சு. அது வாய்க்கு யாரு பதில் சொல்றது? இந்தப் பிள்ளைக்கு என்ன வாயா இருக்கு?" என்றார் ஒரு பெரியம்மா. கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வாய் இருந்தால் பூ வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொள்வோம் என்று நம் ஊரில் எப்போது முடிவானது?

1989இல் தாத்தா இறந்தபோது அப்பத்தாவுக்கு 43 வயது. எனக்கு விவரம் தெரியாத காலம். அப்பாவும் பெரிய அத்தையும், உங்களில் சிலரும் சொல்லிச் சொல்லி, அந்தப் பதினாறாம் நாளை நானே பார்த்தது போல இருக்கிறது. அடிவாரத்திலிருந்து அப்பத்தாவின் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார். வெள்ளைச் சேலை. அப்பத்தா அதைக் கையில் வாங்கி, மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். "அண்ணே, வெள்ளை காப்பிக் கறை தாங்காது. நாளைக்கே நான் தோட்டத்துக்குப் போகணும். சின்னாளபட்டிக்குப் போயி அரக்குல ஒண்ணு எடுத்துட்டு வா." புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் அழ ஆரம்பித்தாராம்.

அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் வந்தார்கள். அப்பத்தா தானே கையைப் பின்னால் கொண்டுபோய் தாலியைக் கழற்றினாள். தாத்தாவின் மூக்குக் கண்ணாடியும் பேங்க் பாஸ்புக்கும் இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி அதில் வைத்து மூடினாள். "இது அவர் குடுத்தது. அவர் பெட்டியிலயே இருக்கட்டும். பூவும் பொட்டும் எங்கம்மா குடுத்தது. அதைக் கேக்கணும்னா எங்கம்மாவக் கூட்டிட்டு வாங்க."

அவள் அம்மா செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியும், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, விடுங்கப்பா. அது கேக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

அந்தக் கிழவரின் வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பத்தா செய்தது சரி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அது கேக்காது என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு 36 வருஷம் அவள் பூவும் பொட்டுமாக நம் ஊரில் நடமாடியது, நாம் அவளிடம் அலுத்துப்போய் விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. உரிமை என்று யாரும் தரவில்லை. அதனால்தான் அது அவளோடு போச்சு என்று இன்று சொல்ல முடிகிறது.

அவள் அலங்காரத்தை வெறும் பவுசு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். விடிவதற்கு முன்னால் எழுந்து, கவாத்துச் செய்த காப்பிக் கட்டையை அடுப்பில் வைத்து வெந்நீர் போடுவாள். மார்கழியில் நம் ஊர்க் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும். அதை அடுப்பு மேடையில் வைத்து இளக்கி, உள்ளங்கையில் ஊற்றி, எனக்கு ஒரு கை, அவளுக்கு ஒரு கை. கொண்டையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்துத்தான் போடுவாள். நடுவில் போட்டால் தலைச்சுமை வைக்கும்போது இடிக்கிறது என்று காரணம் சொல்வாள். ஆனால் தலைச்சுமையே இல்லாத நாளிலும் கொண்டை இடது பக்கம்தான் இருக்கும். குட்டிக்குரா பவுடரைக் கழுத்துக்கும் போட வேண்டும், முகத்துக்கு மட்டும் போட்டால் முகம் தனியாக மிதக்கும் என்பாள். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேலே பழைய ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். அப்பத்தாவுக்கு அந்தச் சட்டையும் சேலைக்குத் தோதாக இருக்க வேண்டும். அரக்குச் சேலைக்குச் சந்தனச் சட்டை, பச்சைக்கு வெள்ளைக் கோடு. தாத்தாவின் சட்டைகள் அத்தனையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தேய்ந்து தீர்ந்தன. அவர் சட்டையை அவர் போன பிறகும் உடம்போடு வைத்திருந்தவளைப் பார்த்து, புருஷன் போன துக்கமே இல்லை என்று பேசினவர்களும் உண்டு.

பூ விஷயம் தனிக் கதை. நம் உயரத்துக்கு மல்லிகை சரியாக வராது. செவ்வந்தியும் ரோஜாவும் டிசம்பர் பூவும் வாசலில் வைத்திருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை மல்லிகை இருந்தாக வேண்டும். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் எடுத்த பூ, வத்தலக்குண்டு வந்து, வாழை இலைப் பொட்டலமாகக் கண்டக்டர் கையில் மலை ஏறி வரும். பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டில் நிற்பாள். பொட்டலத்தைப் பிரித்து, மொக்கு மலர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு. எனக்கு ஒரு முழம், அவளுக்கு ஒரு முழம், மிச்சத்தை அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்து எந்தப் பெண் தலை வெறுமையாக இறங்கினாலும் கிள்ளிக் கொடுப்பாள். யார், என்ன, புருஷன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டதில்லை.

சேலை எடுக்க மதுரைக்கோ சின்னாளபட்டிக்கோ போனால் கடைக்காரருக்கு அன்றைக்குச் சோதனை. சுங்குடியில் அச்சடித்த புள்ளியை அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால்தான் அது சுங்குடி. அப்படிக் கட்டின துணியில் புள்ளி இருக்கிற இடம் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவாள். "ஒவ்வொரு புள்ளியும் ஒருத்தி விரல் பட்டது. அச்சுல அடிச்சா அது துணி, சேலை இல்ல."

கண்புரை அறுவை சிகிச்சைக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தபோது கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். சில வாரத்தில் கழற்ற வேண்டிய கண்ணாடி அவள் மூக்கைவிட்டு இறங்கவே இல்லை. பிறகு வெயிலுக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டாள். டீக்கடையில் ஒருத்தன், "என்ன பாட்டி, எம்ஜிஆர் மாதிரி" என்று கிண்டல் செய்ததற்கு, "அதைப் போட்டுக்கிட்டுத்தான்டா அவரு மூணு எலெக்‌ஷன் ஜெயிச்சாரு. நீ போடாம என்னத்த ஜெயிச்ச?" என்றாள். 1977, 1980, 1984 என்று விரல் விட்டு எண்ணியும் காட்டினாள். பையன் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

1996 பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நேரில் தெரியும். காலையில் ஓட்டுக் கேட்கக் கிளம்பின ஒரு வேட்பாளர், எதிரே அப்பத்தா வருவதைப் பார்த்ததும் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்பத்தா நேரே அவர் வாசலுக்குப் போனாள். "தம்பி, நான் எதிரே வந்தா காரியம் கெடும்னு நம்புறீல்ல? தினம் காலையில உன்னை எதிர்த்து நிக்கிறவன் வாசல்ல போயி நிக்கிறேன். கூலி எவ்வளவு தர்ற?" அவர் சிரித்தார், மன்னிப்பும் கேட்டார். இன்றைக்கு அவரும் இந்த மடலைப் படிப்பார் என்று நம்புகிறேன். மாமா, அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்து நீங்கள் என் பக்கம் நிற்க வேண்டும்.

காப்பி வியாபாரிகளிடம் அவள் பேசினதை எழுத ஆரம்பித்தால் முடியாது. தாத்தா போனபோது இரண்டு ஏக்கர் தோட்டமும் கடனும் மூன்று பிள்ளைகளும் இருந்தன. கடனை அடைத்தாள், மூன்று பேரையும் படிக்க வைத்தாள். தராசுத் தட்டு லேசாகச் சாய்ந்தால், "என்ன, தராசும் உன்னைய மாதிரியே உன் பக்கமே சாயுது" என்பாள். வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த காலத்தைப் பார்த்தவள் அவள். அதனால் ஒரே பயிரை நம்பாதீர்கள், காப்பிக்கு நடுவே மிளகும் ஆரஞ்சும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுச் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றினவர்கள் உங்களில் எத்தனை பேர்! தோட்டம் பற்றி அவளிடம் யோசனை கேட்க யாருக்கும் சகுனம் குறுக்கே வரவில்லை.

என் கல்யாணத்தில், தாலித் தட்டை யார் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. அப்பத்தா தொடக் கூடாது என்று ஒரு குரல். அவள் அந்த மயில்கழுத்துச் சேலையில் எழுந்து வந்தாள். "நான் இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனவ. போன மாசம் கல்யாணம் ஆனவ ஆசீர்வாதத்தவிட என்னோடதுல சரக்கு ஜாஸ்தி." தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக உங்கள் முன்னால் வந்தாள். நீங்கள் தொட்டு ஆசீர்வதித்தீர்கள். அந்தத் தாலிதான் இன்றைக்கும் என் கழுத்தில் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன்.

ஆனால் எல்லா இடத்திலும் அவள் வாய் செல்லவில்லை. அம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுக்க அவளுக்குக் கடைசி வரைக்கும் நீங்கள் விடவில்லை. ஒரு தடவை கேட்டாள், இல்லை என்றீர்கள். சாமி காரியம் என்றதும் பதில் பேசாமல் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டு உள்ளறையில், வெளிச்சம் படாத மூலையில், ஒரு மண்சட்டியில் எருவும் மண்ணும் பரப்பித் தனியாக முளை போடுவாள். தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம். கதவைச் சாத்திவைத்து, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிப்பாள். இருட்டில் வளர்வதால் முளை வெளிர் மஞ்சளாக, ஒரே உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். ஊர்வலம் வாசலைத் தாண்டிப் போகும் வரைக்கும் திண்ணையில் நின்று கும்பிடுவாள். எல்லாரும் கரைத்துவிட்டுத் திரும்பின பிறகு, இருட்டினதும், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓடைக்குப் போய் அவள் சட்டியைக் கரைப்பாள். அந்த வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அத்தனை பேச்சுப் பேசுகிறவள்.

கோயில் கமிட்டிக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் நாம் குடும்பத்தோடு போய்க் கும்பிடுகிற குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியது யார்? லேடி ராமநாதன். மேலை நாட்டில் பிறந்து, நம் சமயத்துக்கு வந்து, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டு, இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். ராமநாதன் இறந்தது 1930இல். கோயில் எழுந்தது 1936இல். அதாவது கணவரை இழந்த ஒரு பெண் கட்டின கோயில் அது. அங்கே நின்று பழனியைப் பார்த்துக் கை கூப்புகிறோம், முருகன் ஏற்றுக்கொள்கிறான். ஒரு பெண் கட்டின கோயிலையே சாமி ஏற்றுக்கொள்ளும்போது, இன்னொரு பெண் தலையில் சுமந்து வருகிற முளைப்பாரியை நம் அம்மன் வேண்டாம் என்றா சொல்லிவிடுவாள்?

மலையை விட்டு இறங்கினால் காந்திகிராமம். நம் ஊரில் எத்தனையோ பேர் அங்கே கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், என் அப்பா உட்பட. 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா, டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1962இல் நம் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய், மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். அவர் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று யாராவது வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால், இந்த வட்டாரத்தில் எத்தனை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருந்திருக்காது! அப்பத்தா அந்த அம்மாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வாள்.

ஊர் வழக்கத்தை மாற்ற நாம் யார் என்று கேட்பீர்கள். உங்கள் பாட்டிமார் காது வளர்த்துத் தண்டட்டி போட்டார்கள். அதுவும் வழக்கம்தான், உங்கள் பெண்களுக்கு நீங்கள் காது வளர்க்கவில்லை. அவர்கள் ஜாக்கெட் போடாமல் இருந்தார்கள். இன்றைக்குப் போடாமல் இருந்தால் நீங்களே திட்டுவீர்கள். இந்த மலையில் நமக்கு முன்னாலிருந்தே வாழும் பளியர்களிடம், கணவன் இறந்த பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளத் தடை கிடையாது. பழைய வழக்கம்தான் வேண்டும் என்றால் அவர்களைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம்.

பெண்கள்தானே பெண்ணுக்குச் செய்கிறார்கள், ஆண்கள் எங்கே வந்தோம் என்றும் பேச்சு வரும். தட்டை எடுத்து நிற்கிற அத்தைகளை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு இதே சடங்கு நடந்திருக்கிறது. செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் செய்கிறார்கள். ஊர் என்றால் யார்? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். அன்றைக்கு அந்தக் கிழவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்களே, அதே மாதிரி நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தைகள் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களுக்கும் அது பெரிய நிம்மதியாகத்தான் இருக்கும்.

நாம் முதல் ஊரும் இல்லை. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் இதே போலத் தீர்மானம் போட்டது. வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலியைக் கழற்றுவது எதுவும் இனி இல்லை என்று கிராமமே கூடி முடிவு செய்தது. அதே மாதத்தில் அந்த மாநில அரசு, மற்ற கிராமங்களும் இதைப் பின்பற்றட்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்து வழக்கு ஒன்றில், கணவரை இழந்த பெண்ணைக் கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுப்பதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. பெண்ணுக்கு அவளுக்கென்று ஒரு மதிப்பும் அடையாளமும் இருக்கிறது, கல்யாணம் ஆனதையோ கணவன் இறந்ததையோ வைத்து அது குறையாது என்பது அந்தத் தீர்ப்பு. கோர்ட்டுக்குப் போய் இதைச் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. நீங்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். உங்களிடம் கேட்டு வாங்குவதுதான் எனக்குப் பெருமை.

துக்கத்தை நடத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் இருக்கட்டும், படையல் இருக்கட்டும், உறவு கூடிச் சாப்பிடுவது இருக்கட்டும். பிறந்த வீட்டுக் கோடியும் வரட்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பிறந்த வீடு சொல்கிற துணி அது. ஆனால் அது கலர்ச் சேலையாக வரட்டும். தாலியைக் கழற்ற வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றினால், தோன்றுகிற அன்றைக்கு, உள்ளே தனியாக இருந்து அவளே கழற்றிக்கொள்ளட்டும். கழற்றாமல் இருந்தாலும் யாரும் கேட்க வேண்டாம். பூ வைக்கப் பிடிக்கவில்லை, வெள்ளைதான் கட்டுவேன் என்று ஒருத்தி சொன்னால் அதுவும் அவள் விருப்பம். அவள் தலையிலும் நெற்றியிலும் அடுத்தவர் கை படக் கூடாது. தீர்மானம் அதற்கு மட்டும்தான்.

மாசியில் நடந்ததைத் திருப்ப முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. ரேஷன் கடைக்குக்கூட மாமியார்தான் போகிறார். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே வந்துவிடுவோமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அவளுக்கு அப்பத்தா மாதிரிப் பேச வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு எதற்காக அத்தனை சாமர்த்தியம் தேவைப்பட வேண்டும்? அப்பத்தாவின் பேச்சை நாம் எல்லாரும் ரசித்தோம், இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அதில் பாதிப் பேச்சு, சும்மா இருக்கவிடாத உலகத்தில் சும்மா இருப்பதற்காக அவள் பேசினது. அந்த வேலை இல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் நல்ல விஷயங்களுக்குச் சிரித்திருப்பாள்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதி, ஊராட்சி செயலரிடம் கொடுத்திருக்கிறேன். என் ஓட்டு வத்தலக்குண்டில் இருக்கிறது, அதனால் நம் கிராம சபையில் நான் முன்மொழிய முடியாது. அப்பா முன்மொழிகிறார். வழிமொழிய உங்களில் ஒருவர் வேண்டும். கமிட்டியிலிருந்து ஒரு பெரியவர், துக்க வீட்டில் தட்டைப் பிடித்த ஒரு அத்தை, இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து நின்றால் ரொம்பச் சந்தோஷம். முளைப்பாரிக்குப் பெயர் கொடுக்கிற நோட்டு திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கமிட்டிக்கு வரும். இந்த வருஷம் அதில் எந்தப் பெண் பெயர் சொன்னாலும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே நான் ஊருக்கு வந்துவிடுவேன். பேச வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மேட்டு வீட்டுக்கு வாருங்கள், சாயந்திரம் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். காப்பி நம் தோட்டத்துக் காப்பிதான்.

இப்படிக்கு,
மேட்டு வீட்டு அப்பத்தாவின் பேத்தி